லினக்ஸ் ரௌட்டரில் நெட் விட்டுவிட்டு அறுந்தால்: எந்தத் துண்டு, எந்த நேரம், என்ன காரணம்

முழுசாகச் செத்துப்போன இணைப்பில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். நாளுக்கு நாலைந்து முறை அரை நிமிடம் அறுந்து, நீங்கள் லேப்டாப்பைத் திறப்பதற்குள் தானாக ஒட்டிக்கொள்ளும் இணைப்புதான் ஆளைப் படுத்தும். அப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: ரீபூட், டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) மாற்றம், வைஃபை சேனல் மாற்றம், கர்னல் அப்டேட், எல்லாம் ஒரே மாலையில். இரண்டு நாள் ஒழுங்காக ஓடினால் எது சரிசெய்தது என்று தெரியாது. மூன்றாம் நாள் மறுபடி அறுந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியாது.

எனவே இங்கே வரிசை வேறு. எந்தத் துண்டு அறுகிறது, எந்த நேரத்தில் அறுகிறது என்ற இரண்டையும் முதலில் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். அதன் பிறகே செட்டிங்கில் கை வைக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு: இரண்டு லேன் போர்ட் உள்ள மினி பிசி, அல்லது யூஎஸ்பி லேன் அடாப்டர் செருகிய ராஸ்பெரி பை. அதில் டெபியன் லினக்ஸ், லாகின் செய்யும் பிபிபிடி, ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸ், வீட்டுக் கருவிகளின் டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தரும் டிஎன்எஸ்மாஸ்க். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி பிரிட்ஜ் முறையில், அதாவது தானே லாகின் செய்யாமல் பாக்கெட்டுகளை அப்படியே கடத்தும் முறையில் இருக்கிறது. பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துச் சேவை நிறுவனத்தோடு இணையும் முறை) லாகினை ரௌட்டரே செய்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபர் உட்படத் தமிழ்நாட்டில் பல இணைப்புகள் பிபிபிஓஇ-யில்தான் வருகின்றன. ரௌட்டருக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி வைத்திருப்பவர்களுக்குக் கோப்புகளின் இடமும் சில கட்டளைகளும் மாறும்.

1. ஆதாரம் சேர்த்தல்

டெபியனின் சிஸ்டம்டி பதிவு ரீபூட்டைத் தாண்டி நிலைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார் அடைவில் லாக் என்பதற்குள் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் நிலைக்கும். இல்லையென்றால் உருவாக்கி, ஜர்னல் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இது இல்லாமல், தொங்கிப்போன ரௌட்டரை அணைத்துப் போட்டவுடன் காரணமும் சேர்ந்து அழிந்துவிடும். இருந்தால், ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு 'மைனஸ் பி மைனஸ் 1' கொடுத்து முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் படிக்கலாம். ரௌட்டரின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் என்டிபி (வலைவழியே நேரம் வாங்கும் முறை) வழியே ஒத்துப்போக வேண்டும். அரை நிமிடக் கோளாறைத் தேடும்போது இரண்டு நிமிட வித்தியாசம் எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

அடுத்து, ஒரே நேரத்தில் ஐந்து பிங்குகளை (சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) நொடிக்கு ஒரு முறை ஓட வைக்கிறோம். கேபிளில் இணைத்த லேப்டாப்பிலிருந்து ரௌட்டருக்கு ஒன்று. வைஃபையில் உள்ள இன்னொரு கருவியிலிருந்து ரௌட்டருக்கு ஒன்று. ரௌட்டரிலிருந்து, பிபிபிஓஇ இணைப்பின் பிபிபி0 இடைமுகத்தில் 'பியர்' (சேவை நிறுவனத்தின் மறுமுனை) என்று காட்டும் முகவரிக்கு ஒன்று. ரௌட்டரிலிருந்தே, வெளியே உள்ள பொது டிஎன்எஸ் சர்வர்களான 1.1.1.1-க்கும் 8.8.8.8-க்கும் ஒவ்வொன்று. பியர் முகவரி பிங்குக்குப் பதில் தராவிட்டால், பாதையின் நிறுத்தங்களைக் காட்டும் ட்ரேஸ்ரௌட்டில் பதில் தரும் முதல் நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இரண்டு முகவரி வைப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்று மட்டும் சில நொடி பதில் தராமல் இருந்தால் அது உங்கள் கோளாறு அல்ல.

பிங் கட்டளைக்குப் பெரிய எழுத்து டி கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் நேரமுத்திரை வரும். பெரிய எழுத்து ஓ கொடுத்தால் பதில் வராத ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'நோ ஆன்சர் எட்' என்று ஒரு வரி விழும். இந்த இரண்டாவதைக் கொடுக்காவிட்டால் தொலைந்த பாக்கெட் பற்றிப் பதிவில் எதுவுமே இருக்காது. வரிசை எண்ணில் விட்டுப்போனதைத்தான் எண்ண வேண்டும். எல்லா வரிகளையும் சேமித்தால் ஒரு பிங்குக்கு நாளொன்றுக்குச் சில எம்பி ஆகும். எஸ்டி கார்டில் ஓடும் பை என்றால், பதில் வராத வரிகளை மட்டும் கிரெப்பில் வடிகட்டிச் சேமியுங்கள். கிரெப்புக்கு 'லைன் பஃபர்ட்' விருப்பம் கொடுக்க மறந்தால், வரிகள் நினைவகத்திலேயே தேங்கி, கரண்ட் போகும்போது காணாமல் போகும்.

ஆறாவதாக, பத்து நொடிக்கு ஒரு முறை டிக் கட்டளையால் ஒரு பெயரை ரௌட்டரிடமும், அதே பெயரை நேராக 1.1.1.1-இடமும் கேட்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். "நெட் போச்சு" என்று வீட்டில் குரல் வரும் நேரங்களில் கணிசமானவை உண்மையில் பெயர் கேட்டுப் பதில் வராத நேரங்கள்.

இரண்டு நாள் ஓடவிட்டுப் படியுங்கள். கேபிள் லேப்டாப்பிலிருந்து ரௌட்டரே பதில் தரவில்லை என்றால், ரௌட்டர் இயந்திரமோ உள்பக்கக் கேபிளோ சுவிட்சோ காரணம். வைஃபை பிங் மட்டும் விழுந்தால் நேராக 10-ஆம் பகுதிக்குப் போகலாம். ரௌட்டர் வரை சரி, பியர் விழுகிறது என்றால் வெளிப்பக்க போர்ட், ஓஎன்டி, ஃபைபர், பிபிபிஓஇ ஆகியவற்றில் ஒன்று. பியர் சரியாக இருந்து வெளி முகவரிகள் இரண்டும் விழுந்தால் அது சேவை நிறுவனத்தின் உள்வலை; உங்கள் கையில் எதுவும் இல்லை. பிங் எல்லாம் சரி, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ்.

ஒவ்வொரு நிறுத்தத்தின் இழப்பையும் காட்டும் எம்டிஆர் கருவியை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள ஒரு நிறுத்தத்தில் 40 சதவீத இழப்பு காட்டி, அதற்கு அடுத்தவை எல்லாம் 0 காட்டினால் அது இழப்பே இல்லை. அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இழப்பு ஓரிடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

2. நேரம் சொல்லும் சேதி

அறுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். சரியாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் சேவை நிறுவனம் பிபிபிஓஇ அமர்வை முடித்து வைக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை என்றால் புதிய முகவரி முறையான ஐபிவி6-இன் ரௌட்டர் அறிவிப்பைச் சந்தேகியுங்கள் (9-ஆம் பகுதி). 1800 நொடி என்பது அதில் வழக்கமான ஆயுள். டிஹெச்சிபியில் (முகவரியைக் குத்தகைக்குத் தரும் முறை) முகவரி வாங்கும் இணைப்பாக இருந்தால் குத்தகைக் காலத்தின் 50 சதவீதத்திலும் 87.5 சதவீதத்திலும் புதுப்பிக்கும் முயற்சி நடக்கும்; அறுப்பு அந்த இடைவெளியோடு பொருந்துகிறதா பாருங்கள். மதியம் 1 முதல் 4 வரை மட்டும் என்றால் சூடு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் நொடியில் என்றால் மின்சாரம். யாராவது பெரிய வீடியோவை ஏற்றும்போது என்றால் 7-ஆம் பகுதி. மழை பெய்யும்போது மட்டும் என்றால் வெளியே கம்பத்திலுள்ள ஃபைபர் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்குகிறது. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, ஆனால் லைன்மேனிடம் சொல்ல முடியும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் கேபிளிலிருந்து தொடங்குங்கள்.

3. கேபிளும் போர்ட்டும்

ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் கே கொடுத்து, கர்னல் பதிவில் 'லிங்க் இஸ் டவுன்', 'லிங்க் இஸ் அப்' வரிகளைத் தேடுங்கள். அதைவிட நறுக்கான வழி: சிஸ் கோப்பு அமைப்பில் கிளாஸ், நெட், பிறகு போர்ட்டின் பெயர் என்று இறங்கினால் 'கேரியர் சேஞ்சஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். பூட் ஆனதிலிருந்து அந்த போர்ட்டில் லிங்க் எத்தனை முறை மாறியது என்ற எண் அதில் இருக்கிறது. ஒரு வாரம் ஓடிய ரௌட்டரில் அது ஒற்றை இலக்கத்தில் நிற்க வேண்டும். 60, 80 என்று ஏறியிருந்தால் மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஈத்டூல் கட்டளையில் போர்ட்டின் பெயரை மட்டும் கொடுத்து வேகம் பாருங்கள். கிகாபிட் போர்ட் 100 எம்பிபிஎஸ் காட்டினால் கேபிளில் ஏதோ ஒரு கம்பி போய்விட்டது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி, அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும்; 100-க்கு இரண்டு ஜோடி போதும். கம்பி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கிகாபிட்டில் ஏறுவதும், விழுவதும், 100-இல் ஏறுவதும், மறுபடி முயல்வதுமாக இருக்கும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடி இணைப்பைத் தின்னும். ஈத்டூலுக்குப் பெரிய எழுத்து எஸ் கொடுத்தால் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்) எண்ணிக்கை தெரியும். அது தொடர்ந்து ஏறினால் கேபிளை மாற்றுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது, மடித்த இடத்தில் ஒடிகிறது. முழுச் செம்பு கேட் 5ஈ அல்லது கேட் 6, ஆலையில் முனை பொருத்தி வந்தது, ஒரு மீட்டர் வாங்கிப் போடுவதே இந்த வழிகாட்டியில் உள்ள மிக மலிவான சோதனை.

கேபிளை மாற்றியும் லிங்க் விழுந்தால், ஓஎன்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை வையுங்கள். அதன் பிறகு ரௌட்டரின் போர்ட் அசையாமல் நின்று, சுவிட்சில் ஓஎன்டி பக்கத்து விளக்கு மட்டும் அணைந்து எரிந்தால், குறை ஓஎன்டியில். ரௌட்டர் பக்கமே இன்னும் விழுந்தால் குறை உங்கள் லேன் சிப்பிலோ அதன் டிரைவரிலோ. இரண்டுமே நின்றுவிட்டால், அந்த இரு சிப்புகளுக்கும் நேரடியாக ஒத்துவரவில்லை என்று பொருள். மின்சேமிப்பு முறையான ஈஈஈ இதற்கு அடிக்கடி காரணம். ஈத்டூலின் 'செட் ஈஈஈ' விருப்பத்தில் அதை அணைத்து, சுவிட்சை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு தவறான வைத்தியம் பரவலாக இருக்கிறது: வேகத்தைக் கட்டாயமாக 100, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டி, இரு முனையும் தாமே வேகத்தைப் பேசி முடிவுசெய்யும் ஆட்டோ நெகோஷியேஷனை அணைப்பது. ஒரு முனையில் மட்டும் அணைத்தால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை) இறங்கிவிடும். பிறகு லிங்க் விழாது. ஆனால் போக்குவரத்து கூடும்போதெல்லாம் பாக்கெட் இழப்பு வரும். சோதனைக்காக வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஆட்டோவை விட்டுவைத்து, அறிவிக்கும் வேகங்களை மட்டும் குறையுங்கள்.

சிப் வாரியாகச் சில தெரிந்த கோளாறுகள் உண்டு. ரியல்டெக் 8111, 8168 வகைகள் ஆர்8169 டிரைவரில் ஓடும். இவற்றில் பதிவில் 'நெட்டெவ் வாட்ச்டாக்... டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்' என்று வந்தால், முதலில் ரியல்டெக் ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் 12 முதல் அது தனி ஃபர்ம்வேர் களஞ்சியத்தில் இருக்கிறது. பிறகு பிசிஐஇ மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்மைக் கர்னல் விருப்பத்தில் அணையுங்கள். இன்டெல் இ1000இ டிரைவரில் 'டிடெக்டட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்' வந்தால் ஈத்டூலில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ (பாக்கெட்டுகளைத் தொகுத்துக் கையாளும் வசதிகள்) மூன்றையும் அணைத்தால் பெரும்பாலும் அடங்கும். இன்டெல் ஐ225-வி-யின் தொடக்கத் திருத்தங்கள் 2.5 கிகாபிட்டில் சில சுவிட்சுகளோடு பாக்கெட் இழக்கும். 1 கிகாபிட்டோடு நிறுத்திக்கொள்வதே வழி. யூஎஸ்பி அடாப்டர் என்றால் யூஎஸ்பி தூங்கவைப்பை அணையுங்கள். 'யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட்' என்ற விருப்பத்துக்கு மைனஸ் 1. யூஎஸ்பி ஹப் வழியே அடாப்டரை ஓட்டுவதை நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

4. மின்சாரமும் சூடும்

ஓஎன்டி பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. மூன்று நான்கு வருடம் இடைவிடாமல் ஓடிய மலிவான அடாப்டரின் கெப்பாசிட்டர் காய்ந்து, சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்கும். பெட்டி முழுதாக அணையாது. உள்ளே சிப் மட்டும் ரீசெட் ஆகும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரில் அளந்து 11.4-க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். புது அடாப்டரின் வோல்ட்டேஜ் அச்சு அசலாகவும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். பின்னின் துருவமும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டர் மாறும் சில மில்லிநொடிகளை டியூப்லைட் பொறுத்துக்கொள்ளும், சில ஓஎன்டிகள் பொறுக்காது. 12 வோல்ட் டிசி மினி யூபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்தால் போதும். ரௌட்டருக்கும் அதையே கொடுங்கள். ஓஎன்டி மட்டும் விழிப்பாக இருந்து பயனில்லை.

ராஸ்பெரி பையில் கர்னல் பதிவில் 'அண்டர்வோல்ட்டேஜ் டிடெக்டட்' என்று வருகிறதா பாருங்கள். 5 வோல்ட் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் அது எழும். விசிஜென்சிஎம்டி கட்டளையில் 'கெட் த்ராட்டில்ட்' கேட்டால், பூட் ஆனதிலிருந்து ஒரு தடவையாவது வோல்ட்டேஜ் குறைந்ததா என்பதையும் சொல்லும். அப்படிக் குறைந்ததாகக் காட்டினால் செல்போன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பை 4-க்கு உரிய 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரைப் போடுங்கள். மினி பிசியில் சென்சார்ஸ் கட்டளையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவில் சேர்த்து, அறுந்த நேரங்களோடு ஒப்பிடுங்கள். விசிறி இல்லாத பெட்டியை டிவி அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்தால், ஏப்ரல் மே மாதத்தில் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

5. ஃபைபர்

ஓஎன்டியின் மேலாண்மைப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். வீட்டு ஃபைபரில் பரவலான ஜிபான் பி பிளஸ் வகையில் பெறும் பக்கம் தாங்கும் எல்லை மைனஸ் 27 டிபிஎம். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 26-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் வெயிலுக்கும் காற்றுக்கும் அறுந்து அறுந்து வரும். 3 டிபி இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 8-க்கு மேலே போனாலும் தப்பு. அது அளவுக்கு மீறிய வெளிச்சம். அந்த எண்ணை நாளுக்கு இரண்டு முறை எழுதி வையுங்கள். ஒரே அளவில் நிற்பது முக்கியம். நாளுக்கு நாள் இறங்கினால் எங்கோ இணைப்பு கெடுகிறது.

நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம். ஃபைபர் பேட்ச் கயிறு எங்கும் மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. கதவிடுக்கில் நசுங்கக் கூடாது. பச்சை நிற எஸ்சி ஏபிசி முனையை நீல முனையோடு சேர்க்கக் கூடாது; முகம் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் பொருந்தாது, வெளிச்சம் சிந்தும். கழற்றிய முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

6. பிபிபிஓஇ: அறுவதும், மீளாமல் போவதும்

பிபிபிடியின் பதிவு வரிகளே பாதி வேலையைச் செய்துவிடும். 'எல்சிபி டெர்மினேட்டட் பை பியர்' என்றால் மறுமுனை வேண்டுமென்றே முடித்தது: கால எல்லை, கணக்குப் பிரச்சினை, அல்லது அவர்கள் பக்கப் பராமரிப்பு. 'நோ ரெஸ்பான்ஸ் டு... எக்கோ ரிக்வெஸ்ட்ஸ்' என்றால் நடுவில் எங்கோ பாதை அறுந்தது. 3, 4, 5-ஆம் பகுதிகள். 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பாடோ பாக்கெட்ஸ்' என்றால் லாகின் வரைக்கும்கூடப் போகவில்லை. ஓஎன்டிக்கு அப்பால் யாரும் கேட்கவில்லை.

எக்கோ (மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் பாக்கெட்) செட்டிங் அவசரமாக வைத்திருந்தால் நல்ல லைனையே நீங்கள் அறுப்பீர்கள். இடைவெளி 1 நொடி, தோல்வி 3 என்று வைத்திருக்கும்போது அப்லோட் நிரம்பினால், எக்கோ பாக்கெட்டுகள் வரிசையில் மாட்டி, மூன்று நொடியில் பிபிபிடி இணைப்பு செத்ததாக முடிவுகட்டும். இடைவெளி 20, தோல்வி 3 நியாயமான அளவு. கூடவே 'எல்சிபி எக்கோ அடாப்டிவ்' போடுங்கள். மறுமுனையிலிருந்து ஏதாவது வந்துகொண்டிருக்கும் வரை அது எக்கோ அனுப்பாது.

மீள்வதற்கு 'பெர்சிஸ்ட்' கட்டாயம், 'மேக்ஸ்ஃபெயில் 0'-வும் கட்டாயம். இரண்டாவது இல்லாவிட்டால், தொடர்ந்து பத்து முறை தோற்றதும் பிபிபிடி கைவிட்டுவிடும். இரவு ஒரு மணி நேரம் லைன் போனால் காலையில் நீங்கள் எழுந்துதான் உயிர்ப்பிக்க வேண்டும். 'ஹோல்ட்ஆஃப்' மதிப்பை 1, 2 என்று குறைக்காதீர்கள். சொல்லாமல் அறுந்த அமர்வை மறுமுனை சிறிது நேரம் உயிரோடு வைத்திருக்கும். அதற்குள் மறுபடி நுழைந்தால், ஒரே கணக்கில் இரண்டாவது அமர்வு என்று மறுக்கும். பதிவில் அது கடவுச்சொல் தவறு போலவே தெரியும். 15 முதல் 30 நொடி விடுங்கள்.

இனி அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். பிபிபி0 மீண்டும் எழுந்துவிட்டது, முகவரியும் வந்துவிட்டது, ரௌட்டரிலிருந்து பிங் போகிறது. வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. ரீபூட் செய்தால் சரியாகிறது. காரணம் அநேகமாக என்எஃப்டேபிள்ஸ் விதியில் இருக்கும். 'ஐஐஎஃப்', 'ஓஐஎஃப்' என்று எழுதிய விதிகள் இடைமுகத்தை அதன் உள்எண்ணால் பிடிக்கின்றன. பிபிபி0 ஒவ்வொரு முறை பிறக்கும்போதும் அந்த எண் மாறும். விதி பழைய எண்ணையே பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும். 'ஐஐஎஃப்நேம்', 'ஓஐஎஃப்நேம்' என்று பெயரால் பிடிக்கும்படி மாற்றினால் முடிந்தது. இதே வகையில், பிபிபி0-இல் கட்டிய போக்குவரத்து வரிசை அமைப்பும் (7-ஆம் பகுதி) இடைமுகத்தோடு சாகும். அதை மறுபடி கட்டும் கட்டளையை ஐபி-அப் ஸ்கிரிப்ட் அடைவில் வையுங்கள். வேறொரு டிஃபால்ட் ரூட் ஏற்கெனவே இருந்தால் பிபிபிடி புதிதாகப் போடாது. 'ரீப்ளேஸ் டிஃபால்ட்ரௌட்' தேவைப்படும்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கோளாறு உண்மையில் அறுப்பு அல்ல, ஆனால் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்: சில தளம் திறக்கும், சில தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-இல் மிஞ்சுவது 1492. துண்டாக்கத் தடை போட்டு, அதில் 28 பைட் தலைப்பு போக 1464 பைட் பிங் போக வேண்டும். 1465 போகக் கூடாது. ஃபார்வர்ட் சங்கிலியில், இணைப்பைத் தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டின் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் வரும் தரவின் உச்ச அளவு) வழித்தட எம்டியூவுக்கு ஏற்பக் குறைக்கும் விதி ஒன்று இருக்க வேண்டும். ஐபிவி4-இல் அது 1452 ஆகும்.

பிபிபிஓஇ இல்லாமல் டிஹெச்சிபி வழியே முகவரி வாங்குகிறவர்கள், ஒரே போர்ட்டில் நெட்வொர்க் மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஹெச்கிளையன்ட் மூன்றில் ஒன்றுதான் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஓடினால் ஒன்று வாங்கிய முகவரியை மற்றது பிடுங்கும்.

உள்பக்கத்திலும் இதே வகைத் தொல்லை உண்டு. ஓஎன்டியின் சொந்த டிஹெச்சிபி சர்வரை அணைக்காமல், அதன் இன்னொரு போர்ட்டை வீட்டுச் சுவிட்சில் செருகிவிட்டால், சில கருவிகள் ஓஎன்டியை வாசலாக எடுத்துக்கொள்ளும். எந்தக் கருவி எப்போது கெடும் என்று சொல்லவே முடியாது. டிசிபிடம்ப்பில் 67, 68 போர்ட்டுகளைப் பார்த்து, ஒரு கருவி முகவரி கேட்கும்போது இரண்டு இடத்திலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள்.

7. நிரம்பும் அட்டவணை, நிரம்பும் வரிசை

பதிவில் 'என்எஃப் கான்ட்ராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்' இருந்தால், நடப்பு இணைப்புகளைக் கர்னல் குறித்து வைக்கும் அட்டவணை நிரம்பிவிட்டது; புது இணைப்புகள் மட்டும் தோற்கும், ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ ஓடும், புதுப் பக்கம் திறக்காது. டாரன்ட் ஓடும் வீட்டில் இது வரும். வைரஸ் ஏறிய கேமரா உள்ள வீட்டிலும் வரும். கான்ட்ராக் கட்டளையின் பட்டியலை மூல முகவரி வாரியாக எண்ணினால் குற்றவாளி தெரிந்துவிடும். நிலைபெற்ற டிசிபி இணைப்பைக் கர்னல் இயல்பாக 432000 நொடி, அதாவது ஐந்து நாள் நினைவில் வைத்திருக்கும். வீட்டுக்கு 7440 போதும். அது இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382 கேட்கும் குறைந்தபட்சமான 2 மணி 4 நிமிடம். அட்டவணையின் உச்ச அளவை 131072 ஆக்கினால் சில பத்து எம்பி ரேம்தான் செலவு.

இதில் ஒரு கண்ணி: கர்னல் மதிப்புகளை வைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதிய இந்த மதிப்புகள் பூட்டின்போது, கான்ட்ராக் மாட்யூல் ஏறுவதற்கு முன்பே வாசிக்கப்படலாம், அப்போது அவை சத்தமில்லாமல் விழுந்துவிடும். மாட்யூலின் பெயரை மாட்யூல்ஸ்-லோட் அடைவில் ஒரு கோப்பில் எழுதி, ரீபூட்டுக்குப் பின் மதிப்பைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நிரம்பும் வரிசை வேறு கதை. லைன் அறவில்லை, அப்லோட் நிரம்பி, 15 மில்லிநொடி பிங் 1500-க்குப் போகிறது, வீடியோ அழைப்பு உறைகிறது. ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பிங் பாருங்கள். ஏற்றும்போது மட்டும் எகிறினால் இதுதான். கர்னல் 4.19 முதல் உள்ளேயே இருக்கும் கேக் என்ற வரிசை அமைப்பை பிபிபி0-இல் கட்டி, அளந்த அப்லோட் வேகத்தில் 90 சதவீதத்தை அதன் வரம்பாகக் கொடுங்கள். டவுன்லோடுக்கு ஐஎஃப்பி என்ற போலி இடைமுகம் வழியே அதையே செய்யலாம். 10 சதவீதம் வேகம் போகிறதே என்று மனம் வராதவர்கள் 95-இல் தொடங்கி, பிங் எகிறும் வரை ஏற்றிப் பார்க்கலாம். பழைய பை 3-இல் வேகமான லைனுக்கு கேக் போட்டால் சிபியு மூச்சுத் திணறும். அங்கே எளிய வரிசை அமைப்பான எஃப்க்யூ கோடல் போதும்.

8. டிஎன்எஸ்ஸும் கடிகாரமும்

டிஎன்எஸ்மாஸ்க் பதிவில் 'மேக்ஸிமம் நம்பர் ஆஃப் கன்கரண்ட் டிஎன்எஸ் க்வெரீஸ்' வந்தால், மேலே உள்ள சர்வர் மெதுவாகிறது, அல்லது டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே கேட்டுச் சுற்றுகிறது. இயல்பு வரம்பு 150. வரம்பை ஏற்றும் முன், ரிசால்வ் கோப்பில் 127.0.0.1 (தன்னையே குறிக்கும் முகவரி) இருந்து டிஎன்எஸ்மாஸ்க்கும் அதையே மேல்நிலையாக எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் வந்த பிறகு மட்டும் பெயர் கிடைக்காமல், பிறகு தானாகச் சரியாகும் பை ரௌட்டர்கள் உண்டு. பை 4 வரை கடிகார பேட்டரி இல்லை. பூட் ஆகும்போது நேரம் பின்தங்கியிருக்கும். டிஎன்எஸ் பதில்களின் உண்மையைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயங்கினால், கையொப்பங்களைச் செல்லாதென்று தள்ளும். என்டிபி சர்வரின் பெயரும் அதனால் கிடைக்காது. எனவே நேரமும் திருந்தாது. என்டிபி சர்வர் ஒன்றையாவது ஐபி முகவரியாகக் கொடுங்கள், அல்லது டிஎஸ்3231 கடிகாரப் பலகையைப் பொருத்துங்கள்.

9. ஐபிவி6

பாக்கெட்டுகளைக் கடத்தும் ஃபார்வர்டிங்கை இயக்கிய லினக்ஸ், தனக்கு வரும் ரௌட்டர் அறிவிப்புகளை (வெளியே போகும் வழியைச் சொல்பவை) இயல்பாகப் புறக்கணிக்கும். கர்னலே அவற்றைக் கையாளும் அமைப்பில், வெளிப்பக்க இடைமுகத்துக்கு 'அக்செப்ட் ஆர்ஏ' மதிப்பு 2 ஆக இருக்க வேண்டும். 1 என்றிருந்தால், முன்பே கிடைத்த வழித்தடம் அதன் ஆயுள் முடிந்ததும் மறைந்துவிடும். ஃபயர்வாலில், அந்த அறிவிப்புகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6-ஐ ஒட்டுமொத்தமாக அடைத்தவர்களுக்கும் இதே கதிதான். சோதனைக்காக ஒரு நாள் ஐபிவி6-ஐ அணைத்துப் பார்ப்பது தவறில்லை. அணைத்தபடியே விட்டுவிடுவதுதான் சோம்பேறித்தனம்.

10. வைஃபை மட்டும் விழுந்தால்

ரௌட்டரிலேயே, வைஃபை பரப்பும் மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடி ஓடினால், பதிவில் 'டிஎஃப்எஸ் ரேடார் டிடெக்டட்' தேடுங்கள். 52 முதல் 144 வரையிலான 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ரேடார் அலை பட்டால் உடனே காலிசெய்ய வேண்டும். அதே வகையிலான புதுச் சேனலில் குறைந்தது 60 நொடி கேட்டுவிட்டுத்தான் பேசலாம். 36 முதல் 48 வரை போனால் தொல்லை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு எண் வேண்டாம். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கையோ அதன் கேபிளையோ ஆன்டெனா அருகில் வைத்தால் 2.4 பட்டை கெடும். ஐடபிள்யூ கட்டளையின் 'ஸ்டேஷன் டம்ப்' ஒவ்வொரு கருவியின் சிக்னலையும் காட்டும். மைனஸ் 70-க்குக் கீழே இருப்பது தூரப் பிரச்சினை, அதற்குச் செட்டிங் உதவாது.

11. புகார் கொடுக்கும்போது

பதிவு சேவை நிறுவனத்தைக் காட்டினால், "நெட் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். கடைசி மூன்று நாளின் அறுந்த நேரங்கள், ஒவ்வொன்றும் எத்தனை நொடி, அப்போது பிபிபிடி எழுதிய வரி, ஓஎன்டியின் ஆர்எக்ஸ் பவர், ஃபைபர் இணைந்ததைக் காட்டும் பிஓஎன் விளக்கு எரிந்ததா, வெளிச்சம் வராததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவந்ததா, இவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உதவி மையம் "உங்கள் ரௌட்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்றுதான் முதலில் சொல்லும், அது நியாயமான கேள்வியும்கூட. எனவே புகாருக்கு முன்பே, ஒரு நாள் லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் செருகி, அதிலேயே பிபிபிஓஇ லாகின் செய்து, அதே பிங்குகளை ஓடவிட்டு வையுங்கள். அதிலும் அறுந்தால் அந்த நேரங்களையும் பக்கத்தில் சேர்த்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். லைன்மேன் வந்து இணைப்பை மாற்றிப் போன பிறகு பிங்குகளை நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஆர்எக்ஸ் பவர் எத்தனை டிபி ஏறியது என்று அவர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.